சுவரில் எழுதியது யார்? ‘ரைட்டிங் ஆன் த வால்’ வந்த கதை

கேள்வி: ஒரு கம்பெனி மூடப்போகிறது, ஒரு அமைச்சரின் பதவி போகப்போகிறது என்றால் ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘தி ரைட்டிங் இஸ் ஆன் த வால்’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன பொருள்? பைபிளிலிருந்து வந்தது என்கிறார்கள். எந்தச் சுவர், யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள்?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் சுருக்கமாக: கெடுதல் வரப்போகிறது, அதற்கான அறிகுறி கண்ணெதிரே தெரிந்துவிட்டது, இனி அதைத் தடுக்க முடியாது என்பதுதான் பொருள். பழைய ஏற்பாட்டில் தானியேல் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்திலிருந்து வந்தது. கெட்ட செய்திக்கு மட்டுமே இதைச் சொல்வார்கள். ஒருவருக்குப் பதவி உயர்வு உறுதி என்று தெரிந்தால், சுவரில் எழுத்து தெரிகிறது என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார்.

இனி விரிவாக. இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த விஷயமே, அது இன்று வழங்கும் பொருளும் அது பிறந்த கதையும் ஒன்றுக்கொன்று முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பதுதான். இன்று ‘கண்ணிருக்கிற எவனுக்கும் புரியும்’ என்கிற தொனியில் இதைச் சொல்கிறார்கள். கதையிலோ அந்த எழுத்தை அரண்மனையில் ஒருவராலும் படிக்க முடியவில்லை. இன்று ‘சுதாரித்துக்கொள்’ என்ற எச்சரிக்கை போலவும் சொல்கிறார்கள். கதையில் அது எச்சரிக்கையே இல்லை. தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது, வாசித்துக் காட்டுவதுதான் பாக்கி.

கதை இப்படிப் போகிறது. பாபிலோனில் பெல்ஷாத்சார் ராஜா தன் பிரபுக்கள் ஆயிரம் பேருக்கு விருந்து வைக்கிறான். குடி தலைக்கேறுகிறது. முன்பு பாபிலோனை ஆண்ட நேபுகாத்நேச்சார் ராஜா எருசலேம் ஆலயத்திலிருந்து அள்ளிவந்த பொன், வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துவரச் சொல்கிறான். அவை வழிபாட்டுக்கு என்று ஒதுக்கியவை. அவற்றில் திராட்சரசம் ஊற்றி ராஜாவும், பிரபுக்களும், அவன் மனைவிமாரும், வைப்பாட்டிகளும் குடிக்கிறார்கள். குடித்துக்கொண்டே பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, மரம், கல் ஆகியவற்றால் செய்த தேவர்களைப் புகழ்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு மனிதக் கையின் விரல்கள் மட்டும் தோன்றி, விளக்குக்கு எதிரே, அரண்மனையின் ‘சாந்துபூசப்பட்ட சுவரிலே’ எழுதுகின்றன. உடம்பு இல்லை, குரல் இல்லை, கை மட்டும்.

அடுத்து வருவது ராஜாவின் பயம். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதை அப்படியே கொடுத்திருக்கிறது: முகம் வேறுபட்டது, ‘இடுப்பின் கட்டுகள் தளர்ந்தது’, முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இந்த ‘கட்டுகள்’ என்ற இடத்தில் ஒரு குறும்பு இருக்கிறது. தானியேல் புத்தகத்தின் இந்தப் பகுதி எபிரேயத்தில் இல்லை, அதற்கு உறவு மொழியான அரமேயத்தில் இருக்கிறது. ‘இடுப்பின் கட்டு அவிழ்ந்தது’ என்பதற்கு வரும் அதே அரமேயச் சொற்கள் சில வசனங்கள் தள்ளி மறுபடி வருகின்றன. அங்கே பட்டத்து அம்மாள் உள்ளே வந்து, தானியேல் என்று ஒருவர் இருக்கிறார், அவர் முடிச்சுகளை அவிழ்ப்பதில் கெட்டிக்காரர் என்று சொல்கிறாள். விடுகதையின் முடிச்சை அவிழ்க்க ஆள் வருவதற்கு முன்பே ராஜாவுக்கு வேறு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பயத்தில் வேட்டி நனைந்தது என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார் என்று சில அறிஞர்கள் படிக்கிறார்கள். கதையை எழுதியவர் ரொம்பப் பக்தியான முகத்தோடு நையாண்டி செய்கிற ஆள் என்பது இந்த ஓர் இடத்திலேயே தெரிந்துவிடும்.

ராஜா தன் ஜோசியர், கல்தேயர், குறிசொல்பவர் எல்லாரையும் கூப்பிடுகிறான். படித்துப் பொருள் சொல்பவனுக்கு இரத்தாம்பர உடை, கழுத்தில் பொன் சங்கிலி, ராஜ்யத்தில் மூன்றாம் இடம். ஒருவனாலும் முடியவில்லை. அப்புறம்தான் தானியேல் வருகிறார். நேபுகாத்நேச்சார் காலத்தில் சிறுவனாகச் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவர். கணக்குப் பார்த்தால் இப்போது எண்பதை ஒட்டிய கிழவர். ‘உம்முடைய வெகுமானம் உம்மிடமே இருக்கட்டும்’ என்று முதலிலேயே வெட்டிவிட்டு, நேரே எழுத்துக்குப் போகாமல் ஒரு பழைய கதையை எடுக்கிறார். நேபுகாத்நேச்சார் கர்வம் பிடித்துப் புத்தி பேதலித்து, மாட்டைப்போலப் புல் தின்று, வானத்துப் பனியில் நனைந்து கிடந்த கதை. சொல்லிவிட்டு ஒரு வரி சேர்க்கிறார்: இதையெல்லாம் நீ அறிந்திருந்தும் உன்னைத் தாழ்த்தவில்லை. இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எழுதியிருந்தது இதுதான்: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். ஞாயிறு பள்ளிக்குப் போன தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். தானியேல் சொன்ன விளக்கம்: மெனே என்றால் தேவன் உன் ராஜ்யத்தைக் கணக்கிட்டு அதற்கு முடிவுண்டாக்கினார். தெக்கேல் என்றால் நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய். பெரேஸ் என்றால் உன் ராஜ்யம் பிரிக்கப்பட்டு மேதியருக்கும் பெர்சியருக்கும் கொடுக்கப்பட்டது. அந்த இரவே பெல்ஷாத்சார் கொல்லப்படுகிறான். அதற்கு முன் இன்னொரு கூத்து: வேண்டாம் என்று சொன்னவருக்கு அந்தப் பொன் சங்கிலியையும் பதவியையும் ராஜா பிடிவாதமாகக் கொடுத்துவிடுகிறான். சில மணிநேரமே மிச்சமிருக்கிற ராஜ்யத்தில் தானியேல் மூன்றாம் அதிபதி.

சரி, அந்த நாலு சொல் என்ன? நெடுங்காலம் இதற்குத் தானியேலின் விளக்கத்தையே பொருளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886இல் சார்ல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் வேறு ஒன்றைச் சொன்னார்: இவை எடைகளின் பெயர்கள். மெனே என்பது மினா, தெக்கேல் என்பது ஷெக்கல், ‘உ’ என்பது ‘மற்றும்’, பார்சின் என்பது பெரேஸின் பன்மை. பெரேஸ் என்றால் பாதி, அதாவது அரை மினா. பாபிலோனியக் கணக்கில் ஒரு மினாவுக்கு 60 ஷெக்கல். ஒரு மினா சுமார் அரைக் கிலோ. அசீரியத் தலைநகரான நிம்ருதில் லேயார்டு என்ற ஆங்கிலேய அகழ்வாளர் தோண்டியபோது சிங்க வடிவில் வெண்கல எடைக்கற்கள் கிடைத்தன. அவற்றில் இன்ன எடை என்று அரமேய எழுத்திலேயே பொறித்திருக்கிறது. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆக, மெசபொத்தேமியாவில் எடைக்கல்லின் மேல் அரமேயத்தில் மினா என்று எழுதியிருப்பது அன்றாடச் சங்கதி.

நம்மூர்ப் பழைய அளவையில் சொன்னால், பெரிய விருந்தின் நடுவே ஆவி ரூபத்தில் ஒரு கை வந்து சுவரில் ‘ஒரு வீசை, ஒரு வீசை, ஒரு பலம், அரை வீசைகள்’ என்று எழுதிவிட்டுப் போனது மாதிரி. மளிகைக் கடைச் சிட்டை! எழுத்து தெரிந்தவனுக்கும் இதில் என்ன புரியும்? ஜோசியர்கள் திகைத்து நின்றதற்கு இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து. தானியேல் செய்தது என்னவென்றால், அந்தப் பெயர்ச்சொற்களைப் பிடித்து அவற்றின் வேரிலிருக்கும் வினைகளை வெளியே இழுத்தார். மினாவின் வேர் எண்ணுதல், ஷெக்கலின் வேர் நிறுத்தல், பெரேஸின் வேர் பிரித்தல். கடைசிச் சொல்லில் இரட்டை அடி: பெரேஸ் என்ற ஒலியிலேயே பெர்சியர் என்ற பெயரும் உட்கார்ந்திருக்கிறது. அக்கால அரமேயத்தில் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதுவார்கள், உயிரொலியைப் படிப்பவர் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் ஒரே எழுத்துக் கூட்டம் பெயராகவும் வினையாகவும் நிற்க முடியும். சிலேடைக்கு இதைவிட நல்ல நிலம் கிடையாது.

எடைகளின் வரிசை ராஜாக்களைக் குறிக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு: நேபுகாத்நேச்சார் ஒரு மினா, பெல்ஷாத்சார் வெறும் ஷெக்கல், மேதியரும் பெர்சியரும் ஆளுக்கு அரை மினா. ஆளை எடையால் மட்டம் தட்டுவது அந்தப் பண்பாட்டில் புதிதல்ல. யூதர்களின் சட்ட, விளக்கத் தொகுப்பான தல்மூதில், சாதாரணத் தகப்பனுக்குப் பிறந்த பெரிய மனிதரை ‘அரை மினாவின் மகனான மினா’ என்று சொல்லும் இடம் இருக்கிறது. ஆனால் எந்த ராஜாவுக்கு எந்த எடை என்பதில் அறிஞர்கள் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் எதையும் நான் ரொம்ப நம்புவதில்லை.

படிக்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்வியைத் தல்மூதின் ரபிமார்கள் சும்மா விடவில்லை. சன்ஹெத்ரின் என்ற பகுதியில் இதற்கு விதவிதமான விடைகள் இருக்கின்றன: எழுத்துகளை மாற்றிப்போடும் ரகசியக் குறியீடு, தலைகீழாக எழுதியது என்றெல்லாம். அவற்றில் சாமுவேல் என்ற ரபி சொன்னது மிக அழகானது. மொத்தம் 15 எழுத்துகள். அவற்றைக் கிடைமட்டமாக எழுதாமல், மேலிருந்து கீழாக, மூன்று மூன்றாக, ஐந்து பத்தியில் எழுதியிருந்தால்? தமிழில் போட்டுக் காட்டுகிறேன். (அரமேயம் வலமிருந்து இடமாகப் போகும். நம் வசதிக்காக இடமிருந்து வலமாக எழுதுகிறேன்.)

ம ம த வ ஸ
ந ந க ப ய
அ அ ல ர ன

வரிவரியாகப் படித்தால் ‘மமதவஸ, நநகபய, அஅலரன’. ஒரு மண்ணும் புரியாது. பத்தி பத்தியாக மேலிருந்து கீழே வந்தால் ம-ந-அ, ம-ந-அ, த-க-ல, வ-ப-ர, ஸ-ய-ன. மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின்.

இந்த யோசனை 1,000 ஆண்டுக்கு மேல் ஏட்டில் கிடந்து, ஆம்ஸ்டர்டாமில் ஒரு ஓவியத்தில் ஏறியது. ரெம்ப்ராண்ட் 1630களின் நடுவில் வரைந்த பெல்ஷாத்சாரின் விருந்து இன்று லண்டன் நேஷனல் கேலரியில் தொங்குகிறது. தலைப்பாகையும் அதன்மேல் கிரீடமுமாக ராஜா திடுக்கிட்டுத் திரும்புகிறான். பக்கத்துப் பெண்ணின் கைக் கிண்ணத்திலிருந்து திராட்சரசம் கொட்டுகிறது. சுவரில் ஒளிவட்டத்துக்குள் எபிரேய எழுத்துகள், சாமுவேல் சொன்னபடியே மேலிருந்து கீழாக. ரெம்ப்ராண்டுக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் அவர் வசித்த வட்டாரத்திலேயே மெனாசே பென் இஸ்ரவேல் என்ற ரபியும் அச்சக உரிமையாளருமானவர் இருந்தார். இதே எழுத்தமைப்பை 1639இல் தம் நூலில் அச்சிட்டவர் அவர். கடைசி எழுத்தில் ஓவியர் கோட்டை விட்டிருக்கிறார்: ‘நூன்’ என்ற எழுத்தின் இறுதி வடிவம் நீளமாகக் கீழே இறங்க வேண்டும், அது குட்டையாக நின்றுவிட்டதால் ‘ஸயின்’ ஆகிவிட்டது. அந்தக் கை இன்னும் கடைசி எழுத்தில்தான் இருக்கிறது என்பதால், எழுதி முடிக்கவில்லை என்று வக்காலத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்ததா என்று கட்டாயம் கேட்பீர்கள். இங்கே கதையும் வரலாறும் சில இடங்களில் ஒட்டும், சில இடங்களில் ஒட்டாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெல்ஷாத்சார் என்ற பெயர் பைபிளுக்கும் அதை ஒட்டி எழுந்த நூல்களுக்கும் வெளியே எங்கும் கிடைக்கவில்லை. கிரேக்க எழுத்தாளர்கள் வழியாகத் தெரிந்த கடைசி பாபிலோன் ராஜா நபோனிடஸ். எனவே பெல்ஷாத்சார் கற்பனைப் பாத்திரம் என்று ஒரு கட்சி இருந்தது. 1854இல் தெற்கு ஈராக்கில் உள்ள ‘ஊர்’ என்ற பெயருடைய பழைய நகரின் கோயில் கோபுரத்தின் மூலைகளில் ஜே. ஜி. டெய்லர் களிமண் உருளைகளைக் கண்டெடுத்தார். அவற்றில் நபோனிடஸ் தனக்காகவும், தன் மூத்த மகன் பெல்-ஷர்-உசுருக்காகவும் வேண்டிக்கொள்கிறான். ‘பேல் தெய்வமே, ராஜாவைக் காப்பாற்று’ என்பது அந்தப் பெயரின் பொருள். காப்பாற்றிய லட்சணம் நமக்குத் தெரியும்.

நபோனிடஸ் கி.மு. 556இலிருந்து 539வரை ஆண்டவன். விசித்திரமான ராஜா. சந்திர தெய்வமான சின் மேல் அவனுக்கு அளவுகடந்த பற்று. தலைநகரை மகனிடம் விட்டுவிட்டு அரேபியப் பாலைவனத்தில் தேமா என்ற ஊரில் பத்தாண்டு போய் உட்கார்ந்துவிட்டான். ராஜா ஊரில் இல்லாததால் பாபிலோனின் புத்தாண்டு விழாவே நடக்காமல் போயிற்று. மகன் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டானே தவிர, கிடைத்த ஆவணங்களில் அவனை ராஜா என்று எங்கும் எழுதவில்லை. ‘மூன்றாம் இடம் தருகிறேன்’ என்று ஏன் சொன்னான் என்பதற்கு இங்கே ஒரு விளக்கம் சொல்வார்கள்: முதல் இடம் அப்பாவுடையது, இரண்டாவது தன்னுடையது, கொடுக்க மூன்றாவதுதான் இருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த அரமேயச் சொல் வெறும் பதவிப் பெயராகவும் இருக்கலாம் என்பதால் இதைப் பெரிய சான்றாக யாரும் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

ஒட்டாத இடங்கள்: தானியேல் புத்தகம் நேபுகாத்நேச்சாரைப் பெல்ஷாத்சாரின் தகப்பன் என்கிறது. உண்மையில் நபோனிடஸ் நேபுகாத்நேச்சாரின் மகன் அல்ல. நடுவே மூன்று ராஜாக்கள் வந்து போயிருக்கிறார்கள். பாபிலோனைப் பிடித்ததாக அந்தப் புத்தகம் சொல்லும் மேதியனான தரியு என்ற பெயரில் ஓர் ஆளை வரலாற்று ஆவணங்களில் காணோம். பிடித்தவன் பெர்சிய ராஜா சைரஸ், தமிழ் பைபிளில் கோரேஸ்.

தகப்பன் விஷயத்தில் மட்டும் சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் ஒரு திருப்பம் கிடைத்தது. அங்கே அகப்பட்ட அரமேயத் துண்டு ஒன்றை ‘நபோனிடஸின் பிரார்த்தனை’ என்கிறார்கள். அதில் நபோனிடஸ் தேமாவில் ஏழு ஆண்டு கொடிய நோயில் கிடந்ததாகவும், ஒரு யூதர் அவனுக்கு வழி காட்டியதாகவும் வருகிறது. தானியேல் 4ஆம் அதிகாரத்தில் ஏழு காலம் புல் தின்று கிடப்பவன் நேபுகாத்நேச்சார். முதலில் நபோனிடஸைப் பற்றி உலவிய கதை, வாய்மாறி வந்தபோது அதிகப் பெயர் பெற்ற ராஜாவின் தலையில் ஏறிவிட்டது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அப்படியானால் ‘உன் தகப்பனுக்கு நடந்ததை அறிந்திருந்தும்’ என்று தானியேல் சொல்வது அச்சாகப் பொருந்திவிடுகிறது: புத்தி பேதலித்ததாகப் பேர் வாங்கிய அந்த ராஜா உண்மையிலேயே பெல்ஷாத்சாரின் அப்பன்.

நகரம் விழுந்த விதம் ‘நபோனிடஸ் குரோனிக்கிள்’ என்ற களிமண் பலகையில் இருக்கிறது. கி.மு. 539 கோடையில் சுற்றுப்பட்ட ஊர்களின் தெய்வச் சிலைகளையெல்லாம் பாபிலோனுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். எதிரி கையில் சிக்கிவிடக் கூடாது என்ற பதற்றம் அதிலேயே தெரிகிறது. திஷ்ரி மாதத்தில் ஓப்பிஸ் என்ற இடத்தில் சண்டையில் பாபிலோன் படை தோற்கிறது. 14ஆம் நாள் சிப்பார் நகரம் சண்டையில்லாமல் விழுகிறது, நபோனிடஸ் தப்பி ஓடுகிறான். 16ஆம் நாள், நம் கணக்கில் அக்டோபர் 12, சைரஸின் தளபதி உக்பாருவின் படை சண்டையில்லாமல் பாபிலோனுக்குள் நுழைகிறது. சிப்பாரிலிருந்து பாபிலோனுக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தான். அன்றிரவு ஊரில் ஏதோ விழா நடந்துகொண்டிருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர்களான ஹெரோடோடஸும் செனபோனும் எழுதுகிறார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் பக்கத்து நகரம் விழுந்திருக்கிறது, அப்பன் ஓடிப்போயிருக்கிறான், இங்கே விருந்து! இந்தச் சூழ்நிலையில் சுவரில் எழுதிக்காட்ட ஓர் ஆவி தேவைப்பட்டது என்பதுதான் ஆச்சரியம்.

அந்தச் சுவரையும் ஒருவர் தோண்டி எடுத்தார். ஜெர்மானியரான ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை பாபிலோனில் அகழ்வு நடத்தி, தெற்கு அரண்மனையின் கொலு மண்டபத்தைக் கண்டார். சுமார் 52 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலம். உட்சுவர்களில் வெள்ளை ஜிப்சம் பூச்சு. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரில் கறுத்த எழுத்து பளிச்சென்று தெரியும். இது அற்புதம் நடந்ததற்குச் சாட்சி ஆகாது, ஆனால் கதை சொன்னவருக்கு பாபிலோன் அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு தெரிந்திருக்கிறது.

புத்தகம் இன்றுள்ள வடிவத்துக்கு வந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இந்தக் கதை மட்டும் அதற்கும் முந்தியதாக இருக்கலாம். கி.மு. 169இல் நான்காம் அந்தியோகஸ் என்ற கிரேக்க வம்சத்து ராஜா எருசலேம் ஆலயத்தில் புகுந்து பாத்திரங்களை வாரிக்கொண்டு போனான். அந்தக் காலத்தில் இதை வாசித்த யூதருக்கு, ஆலயப் பாத்திரத்தில் குடித்த ராஜா யார், அன்றிரவே செத்தவன் யார் என்பதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

இப்போது ஆங்கிலத்துக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் அந்த அதிகாரத்தில் ‘ரைட்டிங் ஆன் த வால்’ என்ற தொடர் அப்படியே எங்கும் இல்லை. சுவரின் பூச்சில் எழுதியது என்று இருக்கிறது, இந்த எழுத்தைப் படி என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்து முடிந்தது மக்கள் வாய்தான். அதிகாரத்தின் தலைப்புக் குறிப்பில் ‘ஹேண்ட்ரைட்டிங்’ என்று போட்டிருந்தார்கள். அமெரிக்காவில் ‘தி ஹேண்ட்ரைட்டிங் இஸ் ஆன் த வால்’ என்று இன்றும் கேட்கலாம். பிரிட்டனிலும் நம் நாட்டு ஆங்கிலத்திலும் ‘ரைட்டிங்’ போதும். ஜெர்மன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், மூலச் சொற்களையே ஒட்டி ‘மெனெதெக்கெல்’ என்று ஒரு பெயர்ச்சொல் செய்து, கெட்ட சகுனத்துக்கு அதையே வழங்குகிறார்கள்.

உருவகமாக இந்தத் தொடர் வந்த பழைய இடங்களில் நன்றாகத் தெரிந்தது ஜோனதன் ஸ்விஃப்ட் 1720இல் எழுதிய கவிதை. லண்டனில் சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை ஊதிப் பெருத்து வெடித்த ஆண்டு அது. பணம் போட்டவர்கள் வங்கிக்காரர் வாசலில் குவிகிறார்கள். வங்கிக்காரனோ தன் கைப்படக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன்பத்திரங்களைப் பார்த்து நடுங்குகிறான். அவை அவனுக்குச் சுவரில் எழுதிய எழுத்து மாதிரி என்கிறார் ஸ்விஃப்ட். இங்கே பாருங்கள், ஆவியின் கை போய்விட்டது, அவனவன் கையே அவனவன் முடிவை எழுதியிருக்கிறது. எடை, எண்ணிக்கை, பாக்கி என்று கணக்குப் புத்தக வாடை அடிக்கும் அந்த நாலு அரமேயச் சொற்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாரிசு கிடையாது.

அதன்பின் தொடர் தேய்ந்து தேய்ந்து, படிக்க முடியாத எழுத்து என்ற பாதி உதிர்ந்து, தெளிவான அறிகுறி என்ற பாதி மட்டும் நின்றது. இதை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். கதையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரிக்கு வாருங்கள்: இதையெல்லாம் நீ அறிந்திருந்தும். தானியேலின் வாதத்தில் பெல்ஷாத்சாரின் குற்றம் சுவரைப் படிக்கத் தெரியாதது அல்ல. தகப்பனுக்கு நடந்தது ஊருக்கே தெரியும், அவனுக்கும் தெரியும். படிக்கக்கூடிய எழுத்து அது. அதைப் படிக்காமல் விட்டவனுக்குத்தான் படிக்க முடியாத எழுத்து வந்தது. யோனாவின் கதையில் நினிவேக்கு 40 நாள் தவணை கொடுத்தார்கள், ஊரே சாக்கு உடுத்தித் திருந்தித் தப்பித்தது. பெல்ஷாத்சாருக்குத் தவணையே கிடையாது. தானியேல் அவனைத் திருந்தச் சொல்லவும் இல்லை, அவன் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று. ‘தி ரைட்டிங் இஸ் ஆன் த வால்’ என்றால் நிலைமையைச் சொல்கிறீர்கள். ‘ஹி சா த ரைட்டிங் ஆன் த வால்’ என்றால் அவர் புரிந்துகொண்டு முன்கூட்டியே விலகினார் என்று ஆளைச் சொல்கிறீர்கள். கம்பெனி திவாலாவதற்கு ஆறு மாதம் முன்பே வேறு வேலை தேடிக்கொண்டவருக்கு இது சரி. ‘ஃபார்’ சேர்த்து யாருக்குக் கெடுதல் என்று காட்டலாம். வால் என்பது எப்போதும் ஒருமை. ‘வால்ஸ்’ ஆக்கினால் கெட்டுவிடும். நடந்து முடிந்த கெடுதலுக்கும் இது பொருந்தாது. தமிழில் ‘சுவரில் எழுதியிருக்கிறது’ என்று அப்படியே போட்டால் நம்மூரில் யாரோ கட்சிக்காரர் தேர்தலுக்கு இடம் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். ‘நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது’, ‘கதை முடியப்போவது தெரிந்துவிட்டது’ என்று இடத்துக்குத் தக்கபடி எழுதுவது நல்லது.

இதே அதிகாரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னொரு தொடர் ‘வெய்ட் இன் த பேலன்ஸ் அண்ட் ஃபவுண்ட் வாண்டிங்’, அதாவது நம் ‘தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்’. சோதித்துப் பார்த்ததில் தேறவில்லை என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்புகளிலும் புத்தக விமர்சனங்களிலும் வரும். முன் அதிகாரங்களில் 2ஆவது ‘ஃபீட் ஆஃப் க்ளே’யைக் கொடுத்தது, அடுத்த 6ஆம் அதிகாரம் ‘லயன்ஸ் டென்’னைக் கொடுத்தது. களிமண் கால் விவகாரம் இதைவிடச் சிக்கலானது, அதை யாராவது தனிக் கேள்வியாகக் கேட்டால் எழுதுகிறேன்.